காத்திருப்பவரின் விசுவாசத்திற்கும் ஒரு பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த, ஜெபத்தினால் நோய் நீங்கியவர்களின் அனுபவங்களை வாசித்தேன். அவர்கள் பெற்ற நலத்துக்காக நானும் ஆண்டவரைத் துதிக்கிறேன். அவர்கள் சொன்னதில் ஐயம் எழுப்புவது என் நோக்கமன்று. ஆனால் கட்டுரையின் முடிவில், விசுவாசம் உறுதியாக இருந்தால் எந்த நோயும் நிலைத்து நிற்காது என்ற கருத்து இடம்பெற்றிருந்தது. நாள்தோறும் காலையில் என் மனைவிக்கு நாளிதழ் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். 16 ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு வாழ்ந்துவரும் அவருக்கு அந்த வரியை வாசிக்க மனம் வராமல், அன்று அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துவிட்டேன்.

வலக்கை விரல்களின் கணுக்களில் வீக்கமாகத் தொடங்கிய அந்த நோய், இன்று அவருடைய மணிக்கட்டுகளையும் முழங்கால்களையும் பற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் விழித்த பின் இரண்டு மணி நேரமாவது கைகால்கள் மடங்காமல் மரக்கட்டைபோல் கிடக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகே காப்பித் தம்ளரை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்க முடியும். தலை பின்னிவிடுவது என் வேலை. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் வாசித்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த கைகள் அவை என்பதை எங்கள் சபையில் மூத்தவர்கள் அறிவார்கள்.

நோயின் நான்காம் ஆண்டில் நாங்கள் சென்ற ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில், மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவது தேவனைச் சந்தேகிப்பதாகும் என்று மேடையிலிருந்து சொன்னார்கள். அதை நம்பி, வாரம் ஒருமுறை அவர் சாப்பிட்டுவந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நிறுத்தினோம். நிறுத்தியவர்கள் நாங்களே, அந்தப் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்து வலி தாங்காமல் மருத்துவரிடம் திரும்பிச் சென்றபோது இடது மணிக்கட்டு கோணிப்போயிருந்தது. இன்றுவரை அது நிமிரவில்லை. ஆயினும் அதைவிட ஆழமாக அவரைக் காயப்படுத்தியது, அதன்பின் வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் கேட்ட கேள்விதான். அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள் என்றார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கேட்ட பிறகு பல இரவுகள் உறங்காமல் கிடந்து, சிறுவயதில் தம் தாயாரின் சுருக்குப்பையிலிருந்து எடுத்த நாலணாவரைக்கும் நினைவுபடுத்தி அழுது அறிக்கையிட்ட ஒரு பெண்ணை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இந்தக் கேள்வி புதியதன்று. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீஷர்கள், இது யார் செய்த பாவம், இவனுடையதா, இவனைப் பெற்றவர்களுடையதா என்று கேட்டபோது, இரண்டும் அல்ல என்று இயேசு மறுத்ததை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். குற்றமற்றவராயிருந்தும் பெருந்துன்பத்தில் வீழ்ந்த யோபுவின் சிநேகிதர்களும் ஏறக்குறைய இதையேதான் நீண்ட பிரசங்கங்களாகச் செய்தார்கள். புத்தகத்தின் முடிவில், தேவனோடு வழக்காடிய யோபுவைக் காட்டிலும், தேவனுக்காக வாதாடுவதாக எண்ணிப் பேசிய அந்தச் சிநேகிதர்கள்மேல்தான் கர்த்தருடைய கோபம் மூண்டது என்பதைப் பிரசங்க மேடைகளில் நாம் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. அப்போஸ்தலராகிய பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதிலே கிடைத்தது. தம் உடன் ஊழியரான துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று அதே பவுல் தம் இளைய உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்தத் தீமோத்தேயுவுக்கும் அடிக்கடி உடல்நலக் குறைவு இருந்தது. இவர்களில் எவரையும் விசுவாசக் குறைவுள்ளவர் என்று வேதம் சொல்லவில்லை.

எங்கள் திருநெல்வேலிப் பகுதியில் டோனாவூரை அறியாத கிறிஸ்தவர்கள் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள அந்த ஊரில், கோயில் பணிக்கென நேர்ந்துவிடப்பட இருந்த சிறுமிகளுக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் 1901 முதல் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிப் பேசும்போது, குழந்தைகளை அவர் மீட்ட நிகழ்ச்சிகளையே பெரும்பாலும் சொல்கிறோம். அவருடைய வாழ்க்கையின் கடைசிப் பகுதியை விரைவாகக் கடந்துவிடுகிறோம். 1931 அக்டோபர் 24 அன்று, மருந்தகத்துக்கென ஏற்பாடாகிவந்த ஒரு வீட்டைப் பார்க்கக் களக்காட்டுக்குச் சென்றவர், மாலை இருட்டில் அங்கே புதிதாகத் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றே உடனிருந்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் 1951 ஜனவரி 18 அன்று மரிக்கும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், அவர் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வலியோடு இருந்தார். நோயாளிகளுக்காக அவர் தொடங்கிய மருத்துவப் பணி அருகிலேயே நடந்துகொண்டிருந்தது; அவர் வளர்த்த பிள்ளைகள் அவருக்காக ஜெபிக்காத நாள் இருந்திருக்காது. இத்தனைக்கும் நடுவில் அவர் படுக்கையில் இருந்தார் என்றால், அதற்கு எந்த விசுவாசக் குறைவை நாம் காரணம் சொல்ல முடியும்?

அந்த அறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் 1933-இல் நூலாக வெளிவந்தன. உடல் நலமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் வலியில் கிடக்கும் ஒருவருக்கு எட்டுவதில்லை என்பதை உணர்ந்து, நோயுற்றவர் நோயுற்றவருக்கு எழுதும் கடிதங்களாகவே அவற்றை எழுதினார். நான் நலமாக இருக்கிறேன். ஆகவே இதை எழுதும்போதும் தயங்கித் தயங்கியே எழுதுகிறேன். தம் கல்லறைமீது கல் எதுவும் வைக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை அங்கே வைத்து, ‘அம்மா’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிள்ளைகள் பொறித்தார்கள். என் மனைவிக்கு நடக்க முடிந்த காலத்தில் நாங்கள் இருவரும் சென்று அதைப் பார்த்திருக்கிறோம். மீண்டும் ஒருமுறை போகவேண்டும் என்று இப்போதும் சொல்வார்.

நீண்ட துன்பத்தில் தேவனை நம்புவது எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால், அதை எப்போதும் சிரித்த முகத்தோடும் ஸ்தோத்திரத்தோடும் மட்டும் நான் கண்டதில்லை. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்களுக்குள் பாட்டாக மாறிவிடுகிறது. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரிகூட இறுதியில் இல்லை. வலி மிகுந்த இரவுகளில் என் மனைவி கேட்பது அந்த 88-ஆம் சங்கீதத்தைத்தான். முதலில் எனக்கு அது வருத்தமாக இருந்தது. நம்பிக்கையூட்டும் வேறொன்றை வாசிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறேன். வேண்டாம், இதை எழுதியவர் இவ்வளவு துக்கத்திலும் தேவனிடம்தானே பேசிக்கொண்டிருக்கிறார் என்றார். அதற்குப் பிறகு நான் மாற்றிக் கேட்டதில்லை. சில நாட்களில் அவர் ஜெபத்தில் தேவனோடு சண்டையிடுவது பக்கத்து அறையில் இருக்கும் எனக்குக் கேட்கும். 16 ஆண்டுகளில் அவர் ஜெபிக்காமல் படுத்த இரவு ஒன்றும் எனக்கு நினைவில்லை. சிலுவையில் நம் ஆண்டவரே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டிருக்க, அந்தக் கேள்வியை நோயாளி ஒருவர் கேட்டால் அதை அவிசுவாசம் என்று நாம் எப்படிச் சொல்வது?

சபைகளை நடத்துகிறவர்களிடம் நான் பணிவோடு கேட்பது சிலவே. சாட்சி சொல்லும் நேரத்தில் சுகம் பெற்றவர்களையே எழுந்து நிற்கச் சொல்கிறோம். இன்னும் சுகம் பெறாமல், ஆனால் விட்டுவிலகாமல் இருப்பவர்களுக்கும் அந்த ஒலிபெருக்கியைக் கொடுங்கள். ஆலயத்துக்கு வரமுடியாதவர்களின் வீட்டுக்குத் திருவிருந்தைக் கொண்டுசெல்வதை மாதந்தவறாமல் செய்யுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கன்றி வேறெவருக்கும் இல்லை என்பதைப் பிரசங்க மேடையிலிருந்தே சொல்லுங்கள். எங்கள் சபை ஊழியர் ஒருவர் வியாழக்கிழமைதோறும் வருவார். ஒரு சங்கீதம் வாசிப்பார், சுருக்கமாக ஜெபிப்பார், போகும்போது கொடியில் காய்ந்திருக்கும் துணிகளை எடுத்து மடித்துவைத்துவிட்டுப் போவார். ஏன் இந்தத் துன்பம் என்று அவர் ஒருநாளும் விளக்கியதில்லை. யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள் அவனுக்குச் செய்த நன்மை அந்த ஏழு நாளோடு முடிந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் மடித்துவைத்த பக்கத்தை அன்று மாலையே என் மனைவி கேட்டார். மறைக்க முடியாமல் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அதில் நலம் பெற்றதாக எழுதியிருந்த சகோதரிக்காக முதலில் ஸ்தோத்திரம் சொன்னார். சிறிது நேரம் கழித்து, காத்திருக்கிறவர்களுக்கும் ஒரு பக்கம் தரும்படி ஆசிரியருக்கு எழுதுங்கள், நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்பலாம் என்றார். தாங்கள் இசைந்தால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.