மைக் ஹாட்ஜஸ் படத்துக்கு அடைத்த கதவு: ஆஸ்கர் அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

அகாடமியின் ஆளுநர் குழுவினருக்கு வணக்கம்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்கத் திரையரங்குகளில் மாதக்கணக்கில் ஓடிய ஒரு சின்ன பிரிட்டிஷ் குற்றப்படத்தை உங்கள் விதி ஒன்று போட்டிக்குள்ளேயே வரவிடவில்லை. படத்தின் பெயர் 'குரூப்பியர்' (சூதாட்ட விடுதியில் மேசையை நடத்தும் ஊழியர் என்று பொருள்), இயக்கியவர் மைக் ஹாட்ஜஸ். அந்தப் படம் அதற்கு முன்பே நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிவிட்டது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஹாட்ஜஸ் 2022 டிசம்பரில் தன் 90-ஆவது வயதில் காலமாகிவிட்டார். பழைய ஆண்டின் விருதைத் திரும்பப் பிரித்துக் கொடுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்க வேறு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் அந்தப் படம் உங்கள் ஊருக்கு வந்துசேர்ந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். 'குரூப்பியர்' எடுத்து முடிக்கப்பட்டபோது அதற்குப் பணம் போட்டவர்களுக்கே அதன்மேல் நம்பிக்கை இல்லை. பிரிட்டனில் அதை முறையாக வெளியிட ஆளில்லாமல், கடைசியில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் ஒருசில பிரதிகளோடு 1999-இல் திரைக்குக் கொண்டுவந்தது. வந்த சுவடு தெரியாமல் போயிற்று. மறு ஆண்டு அமெரிக்காவில், பெரிய நிறுவனங்கள் எதையும் சாராத படங்களின் வரிசை ஒன்றில் இதையும் சேர்த்து வெளியிட்டார்கள். பார்த்தவர்கள் அடுத்தவர்களிடம் சொல்ல, விமர்சகர்கள் எழுத, படம் நின்று ஓடியது. அமெரிக்காவில் பெயர் வாங்கிய பிறகுதான் சொந்த நாட்டிலேயே அதை மறுபடி வெளியிட்டார்கள்.

அதாவது, திரையரங்குகளில் ஓடித்தான் இந்தப் படம் பிழைத்தது. உங்கள் விதி எதைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதப்பட்டதோ, அதற்கே இது நல்ல சாட்சி. திரையரங்குக்கு முதலிடம் தரவேண்டும் என்ற உங்கள் கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் வேறொரு நாட்டுத் தொலைக்காட்சிக்கு உரிமையை விற்பது இயக்குநரின் கையிலா இருக்கிறது? படத்தில் நடித்த க்ளைவ் ஓவனின் கையிலா? திரைக்கதை எழுதிய பால் மேயர்ஸ்பெர்க்கின் கையிலா? உரிமை வைத்திருந்தவர்கள் கைவிட்டதற்கு, உழைத்தவர்கள் தண்டம் கட்டினார்கள்.

இது இந்த ஒரு படத்தோடு நின்ற விஷயமும் இல்லை. 1994-இல் ஜான் டால் இயக்கிய 'தி லாஸ்ட் செடக்‌ஷன்' திரையரங்குக்கு வருமுன் கேபிள் தொலைக்காட்சியில் வந்துவிட்டது என்பதால், லிண்டா ஃபியோரெண்டினோவின் நடிப்பை யாரும் பரிந்துரைக்கவே முடியாமல் போயிற்று. அதுவும் குற்றப்படம்தான், சின்னப் படம்தான். அப்புறம் 2020 வந்தது. பெருந்தொற்றில் அரங்குகள் மூடியபோது, திரையரங்குக்கென்று திட்டமிட்டிருந்த படம் இணையத்தில் முதலில் வெளியானாலும் போட்டியிடலாம் என்று நீங்களே விதியைத் தளர்த்தினீர்கள். சரியான முடிவு. படத்தை எடுத்தவர்களின் கையை மீறி நடந்ததற்கு அவர்களைத் தண்டிக்கக் கூடாது என்ற நியாயம் அன்று உங்களுக்குப் புரிந்திருந்தது. அந்த நியாயத்தை ஒரு நெருக்கடி ஆண்டோடு முடித்துவிடாமல், விதிக்குள்ளேயே எழுதி வையுங்கள். ஒரு படம் முதலில் தொலைக்காட்சிக்குப் போனதில் அதை உருவாக்கியவர்களுக்குப் பங்கில்லை என்றால், பிறகு அது திரையரங்கில் முறையாக ஓடியிருந்தால், முறையீடு செய்ய ஒரு வழி இருக்கட்டும். இது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது வேண்டுகோளுக்கு ஹாட்ஜஸின் குற்றப்படங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். உலகம் அவரை 'ஃப்ளாஷ் கார்டன்' என்ற விண்வெளி சாகசப் படத்தை எடுத்தவராகவே அதிகம் அறியும். ஆனால் அவர் யாரென்று 1971-இல் வந்த முதல் திரைப்படமான 'கெட் கார்ட்டர்' சொல்லிவிட்டது. கணக்காளர் படிப்பு படித்தவர், கட்டாய ராணுவ சேவையில், கடலில் வைத்த கண்ணிவெடிகளை அகற்றும் கப்பலில் போய் வடக்கு இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகங்களின் வறுமையைக் கண்ணால் பார்த்தவர், பிறகு தொலைக்காட்சியில் புலனாய்வுச் செய்திப்படங்கள் எடுத்தவர். இந்த மூன்று ஆட்களும் சேர்ந்து எடுத்த படம் அது என்றே எனக்குத் தோன்றும்.

லண்டன் ரவுடி ஜாக் கார்ட்டர், அண்ணன் தம்பி உறவு விட்டுப்போயிருந்தும், சகோதரனின் சாவுக்குக் காரணம் தேடி வடக்கு இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு ரயில் ஏறுகிறான். அவனை முடிக்கப் போகும் கூலிக்கொலையாளி அந்த முதல் காட்சியிலேயே அதே ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறான். முதல் தடவை பார்க்கும்போது யாரும் அவனைக் கவனிப்பதில்லை. கார்ட்டராக நடித்த மைக்கேல் கெயினின் முகத்தில் துக்கம் இல்லை, கணக்கு மட்டுமே இருக்கிறது. சாராயக்கடை, குதிரைப் பந்தயத் திடல், வாடகை விடுதி, கேட்ஸ்ஹெட்டின் கான்கிரீட் கார் நிறுத்தக் கட்டடம் என்று ஒளிப்பதிவாளர் வுல்ஃப்காங் சுஷிட்ஸ்கி அந்த ஊரை அப்படியே பதிவு செய்தார். அந்தக் கட்டடத்தை 2010-இல் இடித்துவிட்டார்கள், இப்போது படத்தில்தான் பார்க்கலாம். கடைசியில் பிளாக்ஹால் கடற்கரை. சுரங்கக் கழிவைத் தொட்டிகள் வரிசையாகக் கொண்டுவந்து கடலில் கொட்டுகின்றன, மணல் கறுத்துக் கிடக்கிறது. பழிவாங்கல் இவ்வளவு அசிங்கமான வேலை என்று அதற்குமுன் எந்த ரவுடிப் படமும் எனக்குக் காட்டியதில்லை.

'குரூப்பியர்' அதற்கு நேர் எதிர்த்திசையில் போகும் படம். துப்பாக்கிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. எழுத்தாளனாக ஆசைப்படும் ஒருவன் லண்டன் காசினோவில் ரவுலட் என்ற சுழல்சக்கரச் சூதாட்ட மேசைக்குப் பின்னால் நின்று, மற்றவர்கள் தோற்பதைப் பார்க்கிறான். தன்னைப் பற்றியே வேறு யாரையோ சொல்வதுபோல் பின்குரலில் பேசுகிறான். அவன் சூதாடுவதில்லை, அதுதான் அவன் பெருமை. கொள்ளையில் கைகொடுக்கச் சொல்லி ஒரு பெண் வரும்போது அந்தப் பெருமை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை ஓவனின் கண்ணிமை அசைவிலேயே பார்க்கலாம். அந்த நடிப்பைத்தான் உங்கள் உறுப்பினர்கள் எடைபோடவே முடியாமல் போனது.

அதே 2000-இல் ஹாலிவுட் 'கெட் கார்ட்டர்' படத்தைச் சில்வஸ்டர் ஸ்டாலோனை வைத்து மறு ஆக்கம் செய்து வெளியிட்டது. மூலப் படத்தை எடுத்தவரின் புதிய படம் உங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்த ஆண்டு அது. அவர் வாழ்க்கை முழுக்க இப்படித்தான். 1987-இல் 'எ பிரேயர் ஃபார் தி டையிங்' படத்தைத் தயாரிப்பாளர்கள் வெட்டி மாற்றியபோது, அது தன் படமே இல்லை என்று விலகிக்கொண்டார்.

லாஸ் ஏஞ்சலிஸில் உங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் நல்ல திரையரங்குகளும் இருக்கின்றன. அங்கே ஹாட்ஜஸின் குற்றப்படங்களை ஒரு வாரம் திரையிடுங்கள், இதுதான் என் இரண்டாவது வேண்டுகோள். 'கெட் கார்ட்டர்', 'பல்ப்', 'குரூப்பியர்', 2003-இல் வந்த 'ஐ'ல் ஸ்லீப் வென் ஐ'ம் டெட்' நான்கையும் வரிசையாக, பெரிய திரையில். 'குரூப்பியர்' அன்று ஓவனை மேடைக்கு அழையுங்கள். அந்தப் படம் ஏன் போட்டியில் இல்லை என்பதை, உங்கள் சார்பில் ஒருவர், காட்சிக்கு முன்னால் பார்வையாளர்களிடம் சொல்லட்டும்.

அன்புடன்,
ஒரு தமிழ்த் திரை ரசிகர்