அந்த மஞ்சள் புரதம் அதிர்ஷ்டத்தில் கிடைத்ததல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பாக்டீரியாக்களின் ஒளியுணர் புரதங்களிலும் எலக்ட்ரான் கடத்தும் புரதங்களிலும் ஆயுளைச் செலவிட்ட உயிர்வேதியியலாளர் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். இந்தத் துறைக்கு நாளிதழில் அரைப் பக்கம் கிடைப்பதே அபூர்வம். நன்றி. ஆனால் இரண்டு இடங்களில் கட்டுரை இடறுகிறது. ஹாலோரோடோஸ்பைரா ஹாலோஃபிலா என்ற பாக்டீரியாவிலுள்ள மஞ்சள் புரதம் ‘ஒளிச்சேர்க்கைக்கு உதவுகிறது’ என்பது ஒன்று. அது ‘தற்செயலாகச் சிக்கியது’ என்பது மற்றொன்று.

முதலாவதைச் சட்டென்று முடித்துவிடலாம். இந்த பாக்டீரியாவில் ஒளிச்சேர்க்கை நடத்துவது சவ்வில் பதிந்திருக்கும் பாக்டீரியோகுளோரோஃபில். அது முக்கியமாக 800 நானோமீட்டருக்கு மேற்பட்ட, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. மஞ்சள் புரதமோ நீரில் கரைவது. அது பிடிப்பது 446 நானோமீட்டர் நீல ஒளி. நீல ஒளி பட்டால் பாக்டீரியா விலகி நீந்துகிறது என்பதும், எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்ற வரைபடம் இப்புரதத்தின் உறிஞ்சல் வரைபடத்தோடு ஒத்துப்போகிறது என்பதும் 1993-ல் வெளியாயின. ஆக அது கண், வயிறு அல்ல.

இரண்டாவதுதான் எங்களை எழுத வைத்தது. 1985-ல் டெரி மேயர் இந்தப் புரதத்தை அறிவித்தபோது அவர் தேடிக்கொண்டிருந்தது ஒளியுணர்வை அல்ல. சைட்டோகுரோம், ஃபெரெடாக்சின் போன்ற எலக்ட்ரான் கடத்திகளை. இந்தத் தேடலுக்கு ஒரு பரம்பரை உண்டு. 1940-ல் சாம் ரூபனுடன் சேர்ந்து கார்பன்-14-ஐக் கண்டறிந்த மார்ட்டின் கேமன், 1950-களின் தொடக்கத்தில் லியோ வெர்னனோடு ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவில் சைட்டோகுரோம் இருப்பதைக் காட்டினார். ஆக்சிஜன் சுவாசத்துக்கு உரியது என்று கருதப்பட்ட புரதம், காற்றில்லாமல் வாழும் செல்லில் கிடைத்தது அன்று அதிர்ச்சி. அதிலிருந்து வந்த பழக்கம்தான், செல்சாற்றைப் பிரிக்கும்போது கிடைக்கும் நிறமுள்ள எந்த ஃபிராக்‌ஷனையும் கீழே கொட்டாதே என்பது. பெயர் தெரியாத மஞ்சள் ஒன்று கிடைத்ததும் அதற்கும் முழு ஸ்பெக்ட்ரம், அதாவது உறிஞ்சல் வரைபடம், எடுக்கப்பட்டது. அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்தப் பழக்கம் நடைமுறையில் என்ன கேட்கிறது என்று பாருங்கள். இந்த பாக்டீரியா உப்பும் காரத்தன்மையும் மிகுந்த நீரில் வளரும் உயிர். சல்ஃபைடு வேண்டும், ஆனால் ஒரே தடவையில் கொட்டினால் அதுவே விஷம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊட்ட வேண்டும். சல்ஃபைடு தீரத்தீர கந்தகம் செல்லுக்கு வெளியே படிந்து குடுவை பால்போல் கலங்கும். கெட்டுவிட்டது என்று பயந்து கொட்டிவிடக் கூடாது. விளக்கு பழைய இழை பல்பாக இருக்க வேண்டும். வெள்ளை எல்ஈடி வைத்தால் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்றாலும் அதில் அகச்சிவப்பு இல்லை, வளர்ச்சி முடங்கும்.

செல்களைப் பனிக்கட்டியில் வைத்து 30 விநாடி சோனிகேட்டர் (ஒலியலையால் செல்லை உடைக்கும் கருவி), 30 விநாடி ஓய்வு என்று உடைப்பார்கள். ஓய்வு விடாவிட்டால் சூட்டில் புரதம் திரிந்துவிடும். பிறகு சுழற்றும் கருவியில் 10,000 g-இல் (புவியீர்ப்பைப் போல் 10,000 மடங்கு விசையில்) குப்பையை இறக்கி, 100,000 g-க்கு மேல் இரண்டு மணி நேரம் சுழற்றினால் சவ்வுத் துண்டுகள் அடியில் போகும். இதில் அவசரப்பட்டால் பாக்டீரியோகுளோரோஃபில் நிறம் கடைசிவரை கூடவே வந்து எல்லாவற்றையும் மறைக்கும். அடுத்து டயாலிசிஸ், அதாவது சவ்வுப் பையில் வைத்து உப்பை வெளியேற்றுவது. உப்பை இறக்காமல், மின்னேற்றத்தால் புரதத்தைப் பிடித்து வைக்கும் அயனிப் பரிமாற்றக் குழாயில் ஏற்றினால் எதுவும் ஒட்டாது, எல்லா நிறமும் ஒன்றாக அடியில் கொட்டும். உப்பை இறக்கி, 20 மில்லிமோலார் டிரிஸ் பஃபரில், pH 8-இல் ஏற்றி, பிறகு சோடியம் குளோரைடைப் படிப்படியாக உயர்த்தினால் சிவப்பு, பச்சைப் பழுப்பு, பழுப்பு, மஞ்சள் நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து இறங்கும்.

மஞ்சள் பட்டையை அளப்பதில்தான் பெரிய கண்ணி. டயோடு வரிசை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி முழு வெள்ளை ஒளியையும் மாதிரியின் வழியே பாய்ச்சிவிட்டுப் பிறகுதான் பிரிக்கிறது. அதிலுள்ள நீலம் பட்டதும் புரதம் வெளுக்கிறது: வரைபடத்தில் 446 நானோமீட்டரில் உயரம் குறையும், 355 அருகே ஒரு மேடு எழும். தூய்மைக்கான அளவுகோல் 276-இல் உள்ள உறிஞ்சலுக்கும் 446-இல் உள்ள உறிஞ்சலுக்கும் இடையிலான விகிதம். சுத்தமான புரதத்தில் அது ஏறக்குறைய 0.43. வெளுத்த மாதிரியில் விகிதம் ஏறித் தெரியும். அழுக்கு இருக்கிறது என்று நினைத்து இன்னொரு குழாயில் ஏற்றுவார்கள். நல்ல புரதம்தான் வீணாகும். இருட்டில் சில விநாடி விட்டு, மங்கிய ஒற்றை அலைநீள ஒளியில் அளந்தால் பழைய உயரம் திரும்பிவிடும், ஏனென்றால் வெளுத்துப் பழைய நிலைக்குத் திரும்பும் இப்புரதத்தின் சுழற்சி ஒரு விநாடிக்குள் முடிகிறது. அப்படி அளந்து 1 செ.மீ. குவெட்டில் (அளவிடும் கண்ணாடிச் சிமிழில்) 446-இல் உறிஞ்சல் 0.455 வந்தால் செறிவு 10 மைக்ரோமோலார், அதாவது மில்லி லிட்டருக்குச் சுமார் 0.14 மில்லிகிராம்.

இந்த வெளுப்பை 1987-இல் கவனித்தவர்கள், கண்ணிலுள்ள ரோடாப்சினோடு உறவுள்ள உணர்வுப் புரதங்களுக்கு ஒப்பிட்டார்கள். நிறமி ரோடாப்சினில் உள்ள ரெட்டினால் அல்ல, புரதச் சங்கிலியின் 69-ஆம் இடத்து அமினோ அமிலமான சிஸ்டீனோடு தயோஎஸ்டர் பிணைப்பில் நிற்கும் பாரா-கூமரிக் அமிலம் என்று தெரிய 1994 ஆயிற்று. தாவரங்களுக்கு உரியது என்று பாடப்புத்தகம் சொன்ன மூலக்கூறு அது! ஈ.கோலை என்ற ஆய்வக பாக்டீரியாவில் ஜீனை மட்டும் வைத்து உற்பத்தி செய்பவர்களுக்கு நிறமே இல்லாத புரதம் கிடைப்பது இதனால்தான். நிறமியை வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். 1989-இல் வெளியான படிக அமைப்பில் சங்கிலியின் மடிப்பே தவறு. 1995-இல் 1.4 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் திருத்தப்பட்டது. ஆய்வு வாழ்க்கை என்று எழுதும்போது இந்தத் திருத்தங்களுக்கும் இடம் தந்திருக்கலாம்.

எலக்ட்ரான் கடத்திகளைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் சேர்ந்த அதே கனசதுரம்தான் ஃபெரெடாக்சினிலும், ‘ஹிப்பிப்’ என்று ஆய்வகங்களில் அழைக்கப்படும் உயர்மின்னழுத்த இரும்புப் புரதத்திலும் இருக்கிறது. முன்னதன் மின்னழுத்தம் மைனஸ் 400 மில்லிவோல்ட் அளவில். குரோமேட்டியம் பாக்டீரியாவின் ஹிப்பிப்போ பிளஸ் 350. சுற்றியுள்ள புரதம் முன்னதில் கனசதுரத்தை எலக்ட்ரான் ஒன்றைக் கூடுதலாக வாங்கவும், பின்னதில் ஒன்றை இழக்கவும் பழக்கியிருக்கிறது. புதிதாக வருபவர் ஹிப்பிப்பில் எலக்ட்ரானைக் கொடுக்கும் டைதயோனைட் போட்டுப் பார்த்து, மாற்றம் இல்லை, செத்த புரதம் என்று ஒதுக்குவார். அது ஏற்கெனவே எலக்ட்ரானோடுதான் குழாயிலிருந்து இறங்குகிறது. எலக்ட்ரானைப் பிடுங்கும் ஃபெரிசயனைடு துளி சேர்த்தால்தான் நிறம் மாறும். சைட்டோகுரோமுக்கு டைதயோனைட்டே சரி, 550 அருகே கூர்மையான உச்சம் எழும். ஆனால் டைதயோனைட் அன்றே கரைத்ததாக, அமிலமில்லாத பஃபரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கந்தகம் திரண்டு கரைசல் கலங்கி வரைபடத்தின் அடிக்கோடு மேலே போகும்.

மூலக் கட்டுரைகளைத் தேடும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்த பாக்டீரியா 1996-இல்தான் ஹாலோரோடோஸ்பைரா ஹாலோஃபிலா ஆனது. அதற்கு முந்தையவை எக்டோதயோரோடோஸ்பைரா என்ற பெயரில் கிடைக்கும்.

இப்படிக்கு,
புரதத் தூய்மைப்படுத்தலில் பணியாற்றும் இரு வாசகர்கள்