கணுக்கால் நரம்புத் தூண்டல் கருவி: தவறான வழிகாட்டித் தாள் பற்றிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

வணக்கம் ஐயா,

நான் பேராக், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எனக்கு மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய். நரம்புகளின் மேலுறை பழுதாகிவிட்டதால் மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே செய்தி ஒழுங்காகப் போய் வருவதில்லை. திடீரென அவசரம் வரும், அடக்க முடியாது. மாத்திரை போட்டால் வாய் வறண்டு, மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சிறுநீர்த் தொல்லைக்காகக் கணுக்கால் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் உங்கள் கருவியை வாங்கினேன்.

கூடவே வந்த வழிகாட்டித் தாளில், மின்தூண்டல் தரும் பட்டைகளை வெளிக் கணுக்காலில் ஒட்டச் சொல்லிப் படம் போட்டிருக்கிறீர்கள். அப்படியே செய்தேன், ஒரு பலனும் இல்லை. ஈப்போவில் பிசியோதெரபிஸ்ட் தாளைப் பார்த்ததுமே, “இடமே தப்பு” என்றார். டிபியல் நரம்பு உள் கணுக்காலுக்குப் பின்னால் ஓடுகிறது. ஒரு பட்டை அங்கே, இன்னொன்று சுமார் 10 சென்டிமீட்டர் மேலே. சரியாகப் பட்டால் உள்ளங்கால் சுருசுருக்கும், சிலருக்குப் பெருவிரல் தானாக மடங்கும். சிறுநீர்ப்பை நரம்புகள் கிளம்பும் அதே அடிமுதுகு வேர்களோடு இந்த நரம்புக்குத் தொடர்பு இருப்பதால்தான் காலில் கொடுக்கும் தூண்டல் அங்கே எட்டுகிறது. இதைச் சொல்லி உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தால், “உள்ளே வெளியே எல்லாம் ஒன்றுதான் அக்கா” என்று பதில் வருகிறது. கருவி விற்பவர் பேசுகிற பேச்சா இது?

விளம்பரம் இன்னும் மோசம். ‘2 வாரத்தில் எம்.எஸ். குணம்’ என்கிறீர்கள். இந்த நோயை முழுதாகக் குணப்படுத்தும் சிகிச்சை இன்றுவரை கிடையாது. இந்தத் தூண்டல் சிறுநீர்த் தொல்லையைக் குறைக்கத்தான். மருத்துவமனையில் ஊசி வைத்துச் செய்யும்போதே வழக்கமாக வாரம் ஒரு முறை, 30 நிமிடம், 12 வாரம் ஆகிறது; அதுவும் எல்லாருக்கும் பலிப்பதில்லை. தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்குகிறவர் உங்களை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது என்ற எச்சரிக்கைகூட தாளில் இல்லை.

என் பணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். திருத்திய தாளை மலாயிலும் தமிழிலும் அச்சிட்டு, வாங்கிய எல்லாருக்கும் அனுப்புங்கள். ‘குணம்’ என்ற வார்த்தையை விளம்பரத்திலிருந்து உடனே எடுங்கள். 14 நாளில் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், மருத்துவச் சாதன ஆணையத்திடமும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் புகார் கொடுப்பேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

ரசீதும் தாளின் நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட்