மார்பக எம்.ஆர்.ஐ. என்று பணம் வாங்கி, வேறு ஸ்கேன் எடுத்தது பற்றிப் புகார்

பெறுநர்
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
ஸ்கேன் மையம், மதுரை.

ஐயா,

என் அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன் என்று முடிவு செய்த டாக்டர், கீமோ தொடங்குமுன் மார்பக எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னார். அக்காவுக்கு மார்புத் திசு அடர்த்தி. மேமோகிராமில் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அல்ட்ராசவுண்டில் தெரிந்த கட்டிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, மார்பையே எடுக்க வேண்டுமா என்ற கேள்வி இந்த ஸ்கேனை நம்பித்தான் நின்றது.

சீட்டில் ‘இரு மார்பகங்கள், டைனமிக் கான்ட்ராஸ்ட்’ என்று தெளிவாக இருந்தது. கவுன்ட்டரில் அதைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டச் சொன்னார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அதுவரை குறையில்லை.

உள்ளே அக்காவை மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் மேல் காயிலை (படத்துக்கான சிக்னலைப் பிடிக்கும் கருவி) வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மார்பக எம்.ஆர்.ஐ. குப்புறப் படுக்க வைத்து எடுப்பது. அதற்கென்று இரண்டு குழிகள் உள்ள தனிக் காயில் உண்டு. மார்பு இரண்டும் அதில் தொங்க வேண்டும். மல்லாந்தால் மார்பு தட்டையாகப் பரவிவிடும், மூச்சுக்கு மூச்சு நெஞ்சு ஏறி இறங்கிப் படமும் கலங்கும். “குப்புறப் படுக்கணும்னு டாக்டர் சொன்னாரே தம்பி” என்று அக்கா கேட்டிருக்கிறார். “எல்லாம் ஒண்ணுதாம்மா, ஆடாம படுங்க” என்று பதில். உயிர்ப் பயத்தோடு படுத்திருப்பவர் அதற்கு மேல் என்ன வாதாடுவார்?

கட்டியைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஊசிக்கு முன் ஒரு முறை, ஊசி போட்டபின் அடுத்தடுத்துப் பல முறை படம் எடுக்க வேண்டும். புற்றுக்கட்டி பெரும்பாலும் முதல் 2 நிமிடத்துக்குள் மருந்தை வேகமாக இழுத்து, பிறகு விட்டுவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்கத்தானே டைனமிக் என்று எழுதுகிறார்கள்? நீங்கள் தந்த சி.டி.யில் ஊசிக்குப் பிந்தைய ஒரே தொகுப்புதான் இருக்கிறது. ரிப்போர்ட்டில் “இடது மார்பில் கட்டி உள்ளது” என்றிருக்கிறது. அது தெரிந்துதானே வந்தோம்! கட்டியின் அளவு இல்லை, புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று குறிக்கும் பைராட்ஸ் எண் இல்லை, அக்குள் நெறிக்கட்டி பற்றியோ வலது மார்பு பற்றியோ ஒரு வரி இல்லை. டாக்டர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறு இடத்தில் எடுக்கச் சொல்லிவிட்டார்.

கீமோ ஏறிவிட்டால் கட்டி சுருங்க ஆரம்பித்துவிடலாம். முதல் படத்தை அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. மருந்து கேட்கிறதா என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கவும் அந்தப் படம்தான் வேண்டும். ஆகவே கீமோவைத் தள்ளிப்போட்டு, மறுபடி கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு, மறுபடி பணம் கட்டி எடுத்தோம். பணத்தைவிட அந்தத் தாமதம்தான் எங்கள் வீட்டில் யாரையும் தூங்கவிடவில்லை.

கட்டணம் முழுவதையும், கான்ட்ராஸ்ட் ஊசிக்கு வாங்கியது உட்பட, திருப்பித் தர வேண்டும். உங்களிடம் மார்பகக் காயில் இருக்கிறதா என்று எழுத்தில் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தச் சீட்டோடு வரும் பெண்களைக் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீது, டாக்டர் சீட்டு, உங்கள் ரிப்போர்ட் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
நோயாளியின் தங்கை