துணிப்பை கொடுப்பது கணக்கு முடிப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையோடு வந்த தீபாவளி இணைப்பில் குறைந்த செலவில் பசுமைப் பரிசுகள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. தலைப்பைப் பார்த்ததும் மற்ற பக்கங்களைத் தள்ளிவிட்டு அதைத்தான் முதலில் படித்தேன். எங்களைப் போன்றவர்களையும் நினைத்து யாரோ எழுதியிருக்கிறார்களே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. முதல் பொருளே 799 ரூபாய். மூங்கில் டூத் பிரஷ், விதைப் பென்சில், சணல் பை எல்லாம் அடங்கிய ஒரு பெட்டி. அதற்கடுத்தது 1,250 ரூபாய். சரி, பட்டணத்து விலை அப்படித்தான் இருக்கும் என்று அதைக்கூட விட்டுவிட்டேன். கடைசிப் பத்தியில் இருந்த வரியைத்தான் விட முடியவில்லை. எவர்சில்வர் டப்பாவையும் துணிப்பையையும் கொடுத்துக் கணக்கு முடிக்கிற பழைய வழக்கத்தை விட்டு வெளியே வரச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஐயா, நான் அம்பாசமுத்திரத்தில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள். பிளவுஸ் தைக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் துணிப்பைதான் தைக்கிறேன். சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் நல்ல நாள் பெரிய நாளில் நான் கொடுப்பதும் அதுதான். கணக்கு முடிக்கிறேன் என்று நினைத்து இதுவரை யாருக்கும் ஒன்றும் கொடுத்ததில்லை.

ஒரு பையில் என்ன வேலை இருக்கிறது என்று உங்கள் கட்டுரையாளர் பார்த்திருக்க மாட்டார். காடாத்துணியை அப்படியே வெட்டித் தைத்தால் முதல் தண்ணீரிலேயே சுருங்கிக் கோணிக்கொள்ளும். ராத்திரி ஊறப்போட்டுக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். அடித்தையலை ஒரு தடவை ஓட்டி, திருப்பிப் போட்டு இன்னொரு தடவை ஓட்டினால்தான் பிசிர் வெளியே வராது. காது வைக்கும் இடத்தில் சதுரமாகத் தைத்து, குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இரண்டு தையல் போட்டால்தான் அஞ்சு கிலோ அரிசியைத் தாங்கும். துணி, நூல் எல்லாம் சேர்த்து 40 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதற்குள் கால் கிலோ கடலை மிட்டாயோ உடன்குடிக் கருப்பட்டியோ வைத்துக் கொடுத்தால் மொத்தச் செலவு 150 ரூபாயைத் தாண்டாது. மிட்டாய் தீர்ந்த பிறகும் பை வருஷக்கணக்கில் உழைக்கும். இதில் குறை எங்கே இருக்கிறது?

எவர்சில்வரை ஏன் இழுத்தீர்கள் என்றும் புரியவில்லை. என் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த தூக்குவாளி இன்றைக்கும் என் அடுப்படியில் இருக்கிறது. அதன் வயிற்றில் கொடுத்தவர் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது, அவர் பெயர் இன்னமும் என் வீட்டில் தயிர் வாங்கப் போய் வருகிறது. நீங்கள் சொல்கிற மூங்கில் பிரஷ்ஷில் கைப்பிடி மூங்கில்தான், நாரெல்லாம் பெரும்பாலும் நைலான். மூன்று மாதத்தில் குப்பைக்குப் போகும். எது பசுமை என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்களுக்குக் காசு இல்லாதது பழகிப்போன விஷயம், அதை எப்படியோ சமாளித்துக்கொள்கிறோம். சமாளிக்க முடியாதது மரியாதைக் குறைவு. நெருங்கிய உறவில் ஒரு தலை தீபாவளி. நான் தைத்த பையில் கருப்பட்டியும் எள்ளுருண்டையும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய கை அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓரமாக வைத்தது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பளபளப்பான பெட்டி மட்டும் கூடத்து மேஜைக்குப் போனது. மறுநாள் காலையில் என் பை அடுப்படியில் கரித்துணியாகக் கிடந்தது. அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஐயா. பளபளப்பாக இருந்தால்தான் பரிசு என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வரியும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. மஞ்சப்பையோடு பஸ் ஏறினவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த காலம் ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கி, 10 ரூபாய் போட்டால் பை வருகிற இயந்திரங்களை வைத்தது. அதற்குப் பிறகும் ஒரு பெரிய பத்திரிகை இப்படி எழுதினால் மனசு ஆறுமா?

அந்தப் பளபளப்புப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்வீட் பெட்டியைச் சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. எங்கள் கடைவீதியில் அது இல்லாத பெட்டியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். துணிக்கடையில் கொடுக்கிறார்களே துணி மாதிரியே ஒரு பை, அதுவும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருள்களில் ஒன்று. அதைப் பிரித்துப் பாருங்கள், ஊடும் பாவும் இருக்காது. அது நெய்த துணியே இல்லை, பாலிபுரோப்பிலீனை உருக்கி ஒட்டியது. ஒரு மூலையில் தீக்குச்சி வைத்தால் உருகிச் சொட்டும். ஜனங்கள் அதைத் துணிப்பை என்று நம்பி வாங்கிப்போகிறார்கள். எங்கள் மகளிர் குழுவிடம் ஒரு நிறுவனம் தீபாவளிக்கு ஊழியர்களுக்குக் கொடுக்கத் துணிப்பை கேட்டு வந்தது. விலையை அடித்து அடித்துக் குறைத்தார்கள். நாங்களும் கூலியைக் குறைத்துக்கொண்டு சரி என்றோம். கடைசியில் வரவே இல்லை. அந்த ஊழியர்கள் கையில் பிறகு நாங்கள் பார்த்தது இந்த உருக்கின பைதான், மேலே பச்சை எழுத்தில் பசுமை தீபாவளி வாழ்த்து.

நீங்களும் கோடையில் பிளாஸ்டிக் ஒழிப்புச் சிறப்பிதழ் போட்டீர்கள். அதன் அட்டையில் ஷாம்பு பாக்கெட் ஒட்டி வந்தது. அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். இடம் கிடைத்திருக்காது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்படி போகும். பச்சரிசி, கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, காய்கறி, கூட ஒரு பாத்திரம். கரும்புச் சக்கையையும் கிழங்குத் தோலையும் மாடு தின்றுவிடும், பாத்திரம் அந்தப் பெண்ணின் பேத்தி காலம் வரைக்கும் வரும். பலகாரத் தட்டை வாங்கினவர்கள் அதை வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். தட்டுக்கு மேலே மூடுகிற துணியும் கூடவே வீடு திரும்பிவிடும். இதையெல்லாம் செய்தவர்கள் யாரும் சுற்றுச்சூழல் பாடம் படித்தவர்கள் இல்லை, கையில் காசும் இல்லாதவர்கள். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடவில்லை. நீங்களும் இப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவராகத்தான் இருப்பீர்கள்.

எங்கள் ஊரிலேயே கடைசல் பட்டறையில் மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிச் செப்புச் சாமான் செய்கிறார்கள். குட்டி அடுப்பு, குட்டி உரல், குட்டித் திருகை.  இங்கிருந்து பஸ் ஏறினால் காருகுறிச்சியில் மண்பாண்டம். அப்படியே போனால் பத்தமடை. பட்டுப்பாய் விலை நமக்குக் கட்டாது, சாதாரணக் கோரைப்பாய் கட்டும். திருச்செந்தூர்ப் பக்கம் மணப்பாட்டில் பெண்கள் பனை ஓலையில் பெட்டி முடைகிறார்கள். மூடி போட்ட சின்ன ஓலைப்பெட்டிக்குள் பலகாரம் வைத்துக் கொடுத்தால், பிறகு அதில் பூவோ ஊசிநூலோ போட்டு வைத்துக்கொள்ளலாம். உங்கள் 1,250 ரூபாய்ப் பட்டியலில் இவர்களில் ஒருவர்கூட இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பொங்கல் இதழில் 150 ரூபாய்க்குள் அடங்குகிற பரிசுகளுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். மேலே சொன்ன ஊர்களுக்கு ஆள் அனுப்பி, செய்கிறவர்களிடமே விலை கேட்டு, எங்கே இறங்கி யாரைக் கேட்க வேண்டும் என்றும் போடுங்கள். ஆன்லைனில் வாங்கச் சொல்கிற பொருளாக இருந்தால் விலைக்குப் பக்கத்திலேயே கூரியர் செலவையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், அந்த இதழையாவது ஷாம்பு பாக்கெட் ஒட்டாமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
அம்பாசமுத்திரம்