பழைய கிட்டாரின் ஓவியத்தைத் தின்னரால் துடைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பழைய கிட்டாரைப் புதிதாக்குவது பற்றி வந்த குறிப்பு, பழைய வண்ணத்தைத் தின்னரால் (பெயிண்டைக் கரைக்கும் திரவம்) துடைத்து, முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, எனாமல் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறது. மர அலமாரிக்கு இது சரி. நம் வீட்டுப் பரண்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கிடக்கும் மலிவு விலைக் கிட்டார்களை இந்த மூன்று வேலைகளுமே கெடுத்துவிடும்.

இந்தக் கிட்டார்களில் பெரும்பாலானவை பிளைவுட், அதாவது மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகை. முன்பலகையின் கனம் 3 முதல் 4 மி.மீ. இருக்கும். கண்ணுக்குத் தெரியும் மேல் அடுக்கு பல கருவிகளில் 1 மி.மீ. கூட வராது. 80 எண் முரட்டு உப்புத்தாளை அழுத்தி நாலு தடவை இழுத்தால் ஓரங்களில் அந்த அடுக்கு போய், குறுக்கு ரேகையோடு அடுத்த அடுக்கு தெரிய ஆரம்பிக்கும். பிறகு அதை மறைக்கக் கனமாகப் பெயிண்ட் பூச வேண்டிவரும். முன்பலகை அதிர்ந்தால்தான் ஒலி. பிளைவுட் ஏற்கெனவே விறைப்பானது. அதன்மேல் பெயிண்டின் எடையும் சேர்ந்தால் கொஞ்சநஞ்ச முழக்கமும் அடங்கிவிடும்.

முதல் உரிமையாளர் வரைந்த பூவும் பெயரும் சிலுவையும் களங்கம் என்ற எண்ணத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. மலிவு கிட்டாரும் அலங்காரமும் எப்போதும் சேர்ந்தே வந்தவை. சிகாகோவின் ஹார்மனி நிறுவனம் 1930களில் சாதாரண மரத்தில் செய்த கிட்டார்களின் முன்பலகையில் அச்சுத் தகடு வைத்து, குதிரைக்காரர்கள், கள்ளிச்செடி, கூடார நெருப்பு என்று வண்ணம் தெளித்தது. சியர்ஸ் தபால் விற்பனைப் பட்டியல் வழியாக அவை வீடு வீடாகப் போயின. அதே நிறுவனம் 1939இல் வாங்கிய 'ஸ்டெல்லா' பெயரில் வந்த கிட்டார்களில், பிர்ச் மரத்தின்மேல் விலை உயர்ந்த மரத்தின் ரேகையைப் பெயிண்டாலேயே போட்டார்கள். இன்று அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் அந்த ஓவியம் தேயாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

தின்னரின் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. பழைய கிட்டார்களில் நிறைய கருவிகளுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், அதாவது தச்சர்கள் சொல்லும் என்.சி. லாக்கர்தான் மேல்பூச்சு. உரிமையாளர்கள் பெயர் எழுதப் பெரும்பாலும் பயன்படுத்திய நகப்பூச்சுக்கும் அடிப்படை அதே பொருள்தான். ஆகவே நகப்பூச்சு கரையும்போது அடியில் உள்ள லாக்கரும் சேர்ந்தே கரையும். ஓரத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் பட்டையும் இளகும். நகப்பூச்சு எழுத்தைப் பாதுகாக்க அதன்மேல் என்.சி. லாக்கர் அடித்தாலும் எழுத்து கலங்கிவிடும்.

எந்தப் பூச்சு என்று அறிய, கிட்டாரின் அடிமுனையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்கு அடியில் மறைவான இடத்தில் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். ஸ்பிரிட்டில் பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர்.

அழுக்கு எடுக்க, சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணி போதும். உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஒலித்துளையின் விளிம்பிலும், முன்பலகையில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜின் ஓரத்திலும் ஈரம் படக் கூடாது. பிளைவுட்டின் வெட்டு முனை தண்ணீரை உறிஞ்சி அடுக்குப் பிரியும். ஸ்டிக்கர் பசைக்கு லைட்டரில் ஊற்றும் நாஃப்தா, நெருப்பு இல்லாத இடத்தில். ஸ்பிரிட்டால் விரல்பலகையைத் துடைக்காதீர்கள். மலிவு கிட்டார்களில் அந்தக் கறுப்பு பெரும்பாலும் சாயம், துணியோடு வந்துவிடும். உரிந்து நிற்கும் ஓவியத்துக்கு, நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷைப் பாதிக்குப் பாதி நீர் கலந்து, மெல்லிய தூரிகையால் செதிலுக்கு அடியில் விட்டு, பட்டர் பேப்பர் வைத்து விரலால் அழுத்துங்கள்.

புதிதாக வரைய விரும்புகிறவர்கள் பின்பலகையையும் பக்கங்களையும் தலைப்பகுதியையும் எடுத்துக்கொள்ளலாம். 400 எண் நுண்ணிய உப்புத்தாளை நனைத்து, மினுமினுப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்து, அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசி, இடையில் ஓர் இரவு காயவிட வேண்டும். எனாமல்மேல் லாக்கர் அடித்தால் எனாமல் சுருங்கித் தூக்கும். மழைக்காலத்தில் லாக்கர் அடிக்கவே வேண்டாம்: கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெள்ளை பூத்துவிடும். கழுத்தின் பின்புறம் பெயிண்ட் பட்டால் கட்டை விரல் நழுவாமல் ஒட்டும். ஜிகினாக் கற்களைத் தலைப்பகுதியோடு நிறுத்துங்கள். பின்புறத்தில் ஒட்டினால் சட்டையில் சிக்கும். சூடான கம்பியால் சுட்டு வரைவது இந்தக் கருவிகளில் கூடவே கூடாது. நைட்ரோசெல்லுலோஸ் பற்றி எரியும் பொருள்.

வேலைக்காகக் கம்பிகளை மொத்தமாகக் கழற்றினால், டெயில்பீஸ் உள்ள கிட்டாரில் பிரிட்ஜ் தனியே விழும், ஏனென்றால் அது ஒட்டப்பட்டதல்ல. முதலில் அதன் நான்கு பக்கமும் காகித டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்க மறந்தவர்கள் நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படியும் துண்டு) 12ஆம் ஃப்ரெட் (விரல்பலகையின் உலோகக் கோடு) வரை அளந்து, அங்கிருந்து அதே தூரத்தில் பிரிட்ஜை வைத்து, தடித்த கம்பிப் பக்கம் மட்டும் 2 அல்லது 3 மி.மீ. பின்னுக்குத் தள்ளலாம். திரும்பக் கட்டும்போது 10–47 மெல்லிய கம்பிகள் போதும் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). 12–53 கம்பிகள் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். பழைய கழுத்து அதில் வளையும்.

தின்னர், 80 எண் தாள் இரண்டையும் பற்றிய திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிட வேண்டுகிறோம். பள்ளி விடுமுறை என்பதால், பரணிலிருந்து கிட்டாரை இறக்கிய பிள்ளைகள் இந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
கம்பி இசைக்கருவி பழுதுபார்ப்போர்,
திருச்சி