செயலாளரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், குமுளியிலிருந்தும் கூடலூர், கம்பம் பக்கத்திலிருந்து மலையேறியும் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு கேரக்டராகி, டைஸ் உருட்டிச் சேர்ந்து கதை விளையாடும் நம் குழுவின் வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் 13 பேர் இருந்தோம், இப்போது 16 பேர். ஞாயிறு மதியம் 2 மணி, ஏலக்காய்க் கடையின் மாடி அறை, இதில் மாற்றமில்லை. மொத்தம் 34 ஞாயிறுகள் கூடினோம். மற்ற வாரங்கள் மழை, கல்யாணம், இரண்டு மாநிலத்துக்கும் வேறு வேறு தேதியில் வரும் பரீட்சை, சபரிமலை சீசன் என்று போயின. புதிதாக டைஸ் நான்கு செட்டும் ஒரு வெள்ளைப் பலகையும் வாங்கினோம். வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார்.

இந்த அறிக்கையின் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியது. விளையாட்டுக்குள் காலம் எப்படி நகர வேண்டும், கேரக்டர்கள் எவ்வளவு வேகத்தில் பலம் கூடி லெவல் ஏற வேண்டும் என்பதுதான் அது. ஆண்டு முழுக்க நாம் அதிகம் பேசியதும், சண்டை போட்டதும், கடைசியில் அதிகம் சந்தோஷப்பட்டதும் இதில்தான்.

ஆரம்பம் ஒரு ஊறுகாய்ப் பானை. முந்தைய கேம்பெய்ன், அதாவது பல ஞாயிறுகள் தொடரும் ஒரு முழுக் கதை, முடிந்த அன்று, பிளஸ் டூ படிக்கும் நம் தங்கை தன் கேரக்டர் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பிய பதினேழு வயதுப் பெண் அவள் கேரக்டர். முதல் லெவலில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தவே திணறியவள், ஒன்பதாம் லெவலில் ஒரு கோட்டை மதிலை இடிக்கிறாள். சாமான் பட்டியலில் முதல் வரி, 'அம்மா கட்டிக்கொடுத்த மாங்காய் ஊறுகாய், ஒரு பானை.' அவள் கேட்டாள்: "அண்ணா, கதையில மொத்தம் எத்தனை நாள் ஆச்சு?" கதையை நடத்தும் டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) தன் குறிப்புகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். 41 நாள். "அப்ப இந்த ஊறுகாயே இன்னும் தீர்ந்திருக்காதே!" என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எல்லோருடனும் வீட்டுக்குப் போனது.

அன்று இரவு நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாம் விளையாடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு. அதில் ஒரு லெவலுக்கு ஒரு நாளில் எவ்வளவு சண்டை தாங்கும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. லெவல் ஏற எவ்வளவு எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, வேண்டும் என்று இன்னொரு அட்டவணை: இரண்டாம் லெவலுக்கு 300, ஐந்தாம் லெவலுக்கு 6,500, இருபதாம் லெவலுக்கு 3,55,000. கூட்டமாக வரும் எதிரிகளுக்கான பெருக்கலை விட்டுவிட்டு இரண்டையும் வகுத்துக்கொண்டே போனால், ஒன்றிலிருந்து இருபது வரை ஏற ஏறக்குறைய 33 சாகச நாட்கள் போதும். ஆடி பிறக்கும்போது பண்ணையாள், ஆவணி பிறந்து இரண்டு நாளில் உலகத்திலேயே பெரிய வீரன். சண்டைகளுக்கு நடுவே எத்தனை நாள் கழிய வேண்டும் என்பதை விதி நம்மிடம் விட்டுவிட்டது. நாம் அதைக் கவனிக்காமல் தள்ளிக்கொண்டே போயிருந்தோம்.

இது புதிய கவலை இல்லை. 1974-இல் வெளியான இந்த விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1979-இல் டிஎம்களுக்காக எழுதிய வழிகாட்டியில், கண்டிப்பான காலக் கணக்கு இல்லாமல் அர்த்தமுள்ள கேம்பெய்ன் நடக்காது என்று முழுவதும் பெரிய எழுத்தில் அடித்துச் சொன்னார். விளையாடாத நாட்களில் வெளியே ஒரு நாள் போனால் கதைக்குள்ளும் ஒரு நாள் போகட்டும் என்பதும் அவர் யோசனை. அவர் விதியில் லெவல் ஏற எக்ஸ்பி மட்டும் போதாது. எப்படி விளையாடினார் என்பதைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு வாரம் குருவிடம் பயிற்சி, அதற்குக் காசு.

புதிய கேம்பெய்னை, மறுபடி முதல் லெவலிலிருந்து, நாமும் அப்படியே ஆரம்பித்தோம். கடைக்காரர் பயன்படுத்தாத ஒரு பழைய பேரேடு கொடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் முடியும்போது கதைக்குள் என்ன தேதி என்று அதில் எழுதுவது என் பொறுப்பு. வருடம் எப்போது பிறக்கிறது என்பதிலேயே அரை மணி நேரம் போனது. கம்பத்துக்காரர்கள் சித்திரை என்றார்கள். குமுளிக்காரர்கள் மலையாள மாதமான சிங்கம் ஒன்று என்றார்கள். கொல்லம் ஆண்டு அன்றுதானே பிறக்கிறது. அது நம் ஆவணிப் பிறப்போடு ஏறக்குறைய ஒரே நாள், ஏலக்காய் எடுப்பும் சூடு பிடிக்கிற நேரம். அதனால் ஆவணி ஒன்று என்று முடிவானது. எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு. கதைக்குள் மழை பெய்யும்போது ஜன்னலுக்கு வெளியிலும் பெய்தது.

வெளியே ஏழு நாள், உள்ளே ஏழு நாள் என்ற கணக்கு மழைக்காலம் வரை நன்றாக ஓடியது. சபரிமலை சீசனில் உடைந்தது. ஒருவழிப் பாதை போட்டு, வண்டிகள் கம்பம்மெட்டு சுற்ற ஆரம்பித்ததும் ஐந்து வாரம் கூட முடியவில்லை. கேரக்டர்கள் ஒரு குகைக்குள் பாதிச் சண்டையில் நின்றிருந்தார்கள். ஐந்து வாரம் அங்கேயே நின்றார்கள் என்று எப்படி எழுதுவது? அப்புறம் விதியை மாற்றினோம். எந்த ஞாயிறும் பத்திரமான இடத்தில்தான் முடிய வேண்டும். அது முடியாவிட்டால் கடிகாரம் நிற்கும். எத்தனை நாள் கழிந்தது என்பதை டிஎம் அடுத்த கூட்டத்தின் முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

லெவல் விஷயத்துக்கு வருகிறேன். 2014 வழிகாட்டியிலும் பயிற்சிக் காலம் விருப்ப விதியாக இருக்கிறது: நான்காம் லெவல் வரை 10 நாள், பத்து வரை 20, பதினாறு வரை 30, அதற்கு மேல் 40. ஐந்தாம் லெவலிலிருந்து இதை இன்னும் நீட்டி, ஒரு லெவலுக்கு ஒரு எடுப்பு, அதாவது ஒரு தடவை காய் பறித்து அதே செடிக்குத் திரும்பி வரும் சுமார் 40 நாள் என்று வைத்தோம். எதிர்ப்பு இருந்தது. இவ்வளவு இழுத்தால் யார் வருவார்கள் என்று கேட்டார்கள். ஸ்டோரில், அதாவது உலர்த்தும் கூடத்தில், ஏலக்காய் காயவைக்கும் அண்ணன் அன்றைக்குப் பேசியதை அப்படியே பதிவு செய்கிறேன்: "சூட்டக் கூட்டினா சீக்கிரம் காயும். ஆனா காய் வெடிச்சிரும், பச்சை போயிரும். புற்றடி ஏலத்துல ஒருத்தனும் கையில எடுக்க மாட்டான்."

அதே நேரம், புதியவர்களுக்கு முதல் மூன்று லெவல் சீக்கிரம் வர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். முதல் ஞாயிறு முடிந்ததும் இரண்டாம் லெவல், அடுத்த ஞாயிறு மூன்றாம் லெவல் என்று வழிகாட்டியே ஒரு வேகம் சொல்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டோம். கூடலூர்த் தம்பிகளுக்குக் கையில் ஏதாவது புதிதாகக் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் மலையேறி வர மாட்டார்கள்.

இனி மலைக்கோயில். நமக்கெல்லாம் மங்கலதேவி தெரியும். வருடத்தில் ஒரே நாள், சித்திரா பௌர்ணமி அன்று மட்டும், குமுளியிலிருந்து ஜீப்பிலும் பளியங்குடியிலிருந்து நடந்தும் கண்ணகியைப் பார்க்கப் போவோம். டிஎம் அந்த ஒரே நாள் என்பதை எடுத்துக்கொண்டு கதைக்குள் ஒரு மலைக்கதவு வைத்தார். வருடத்தில் ஒரு பௌர்ணமிக்குத்தான் திறக்கும். நம் ஐந்து கேரக்டர்களும் வழியில் ஓநாய்களிடம் மாட்டி, காயம் ஆற ஊரில் தங்கி, ஒரு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தார்கள். கதவு மூடியிருந்தது. ஏழு நாள் தங்கினால்தான் முழு ஓய்வு என்ற கடுமையான விதியை அப்போது வழி நெடுகப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். அதனால்தான் பிந்தினோம். பழைய கணக்கென்றால் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து போயிருப்பார்கள்.

உடைக்கலாமா, மந்திரம் போடலாமா என்று ஒரு மணி நேரம் பேசினோம். ஜீப் ஓட்டும் அண்ணன்தான் சொன்னார்: "விடுங்கப்பா. அடுத்த வருசம் வருவோம்."

அந்த ஒரு வருடத்தை ஆறு ஞாயிறுகளில் விளையாடினோம். பெண்ட்ராகன் என்ற விளையாட்டில் வருடத்துக்கு ஒரு சாகசம், பிறகு குளிர்காலத்தில் குடும்பம், நிலம், பிள்ளைகள். ஆர்ஸ் மேஜிகாவில் மந்திரவாதிகள் பருவத்துக்கு ஒரு வேலை என்று கணக்கு வைக்கிறார்கள். இரண்டிலிருந்தும் எடுத்து, ஒவ்வொருவருக்கும் பருவத்துக்கு ஒரு பெரிய வேலை என்று வைத்தோம். ஜீப் அண்ணனின் வீரன் தனக்குத் தானே முழு இரும்புக் கவசம் அடித்தான். அதன் விலை 1,500 பொன், விதிப்படி நாளுக்கு 5 பொன் அளவு வேலை நடக்கும், ஆக 300 நாள். முன்பு இந்த விதியைப் படித்துச் சிரித்திருக்கிறோம். இப்போது அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் பேரேட்டில் தன் கையால் நாட்களைக் கூட்டினார். திருடனாக விளையாடும் தம்பி 250 நாள் செலவழித்துக் கதவின் மேல் செதுக்கியிருந்த மொழியைக் கற்றான். சாதாரணமாக வாழவே ஆளுக்கு நாளைக்கு ஒரு பொன் ஆகும் என்பதால், பையில் கிடந்த புதையலுக்கும் முதல் தடவையாக மதிப்பு வந்தது. தங்கையின் மந்திரக்காரி வீட்டுக்குப் போனாள். பானை காலியாகியிருந்தது. அம்மா திட்டிக்கொண்டே நிரப்பிக் கொடுத்தாள்.

நான்காவது ஞாயிறு கரண்ட் போய், மொபைல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். டிஎம் பேரேட்டைத் திருப்பி வாசித்தார்: "மார்கழி 9. ஆசிரியை அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்." தங்கையின் மந்திரக்காரிக்கு முதல் லெவலில் மெழுகுவர்த்தி கொளுத்தக் கற்றுக்கொடுத்தவர். அவரை எந்தப் பூதமும் கொல்லவில்லை. வயது. தங்கை கையில் உருட்ட எடுத்த டைஸை மேசையில் வைத்துவிட்டாள். கீழே கடையில் யாரோ மூட்டை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வருடம் முழுவதற்கும் எல்லோரும் ஏறியது ஒரே ஒரு லெவல், ஐந்திலிருந்து ஆறு. யாரும் குறை சொல்லவில்லை.

குறைகளும் உண்டு, மறைக்கக் கூடாது. ஏழு நாள் ஓய்வு விதி மந்திரக்காரர்களை நியாயமில்லாமல் அடித்தது. எட்டு மணி நேரம் நிற்கும் காப்பு மந்திரத்தை வைத்து ஒரு வாரத்தை ஓட்ட முடியாது. அதனால் இப்போது பயணத்தில் மட்டும் அந்த விதி, குகைக்குள் பழைய விதி. ஆடி மாதம் மூன்று வாரம் நான் தேதி எழுத மறந்ததால், ஒரு கடன் தவணை எப்போது என்பதில் இரண்டு உறுப்பினர்களுக்குள் மனவருத்தம் வந்தது. தவறு என்னுடையது, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். வேகம் போதவில்லை என்று இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். ஒருவர் மலைக்கதவு திறக்கிற வாரம் திரும்பி வந்தார். இன்னொருவர் வரவில்லை. அவர் விரும்பும் வேகத்தில் மாதத்துக்கு ஒரு தனி ஞாயிறு நடத்தினால் என்ன என்று செயற்குழுவைக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

அவையின் ஒப்புதல் தேவைப்படுபவை: பேரேடு தொடர வேண்டும், அதை எழுதுபவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். ஐந்தாம் லெவலுக்கு மேல் ஒரு எடுப்புப் பயிற்சி நிரந்தர விதியாக வேண்டும். ஒவ்வொரு கேம்பெய்னிலும் ஒரு தடவையாவது முழுதாக ஒரு பருவம் சண்டையில்லாமல் கழிய வேண்டும்.

கதைக்குள் இன்று வைகாசி 3. கதவைத் தாண்டிப் போய்த் திரும்பி, ஐந்து பேரும் மலையிறங்கிவிட்டார்கள். அண்ணனின் கவசத்தில் இடது தோள்வார் அறுந்திருக்கிறது, தைக்க இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வைகாசி 5-இலிருந்து தொடங்குகிறோம்.

நன்றி.
செயலாளர்